பத்து வெள்ளி ரசீது



துன் சம்பந்தனைப் பற்றி எழுதச் சொல்லி ஆசிரியர் குழு கேட்டபோது, பள்ளிப் புத்தகத்தில் படித்ததையே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவரைப் பற்றி நான் உண்மையில் தெரிந்துகொண்டது பள்ளியில் இல்லை. ஒரு கேட்டுக்கு வெளியே வெயிலில் தலைகுனிந்து நின்ற நாளுக்குப் பிறகுதான். அதைச் சொல்லிவிட்டு அவரிடம் வருகிறேன்.

நான் மாசாயில் இருக்கிறேன். எங்கள் கிளைக்குப் போன வருஷம் என்னைப் பொருளாளராகப் போட்டாங்க. கணக்கு நல்லா வரும் என்பதால் இல்லை, கூட்டத்தில் கடைசியாக வந்தவன் நான் என்பதால். பள்ளி தொடங்குவதற்கு முன் வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பையும் சீருடையும் வாங்கித் தருவது எங்கள் கிளையின் வழக்கம். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தாமான் தாமானாகப் போனோம்.

ஒரு வீட்டில் ஓர் அங்கிள் கேட்டைத் திறக்காமலே எங்களைப் பார்த்தார். கோபப்படவில்லை. போன தடவையும் கொடுத்தேனே தம்பி, அது எத்தனை பிள்ளைக்குப் போச்சு, மிச்சம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கூட வந்தவர்களுக்கும் தெரியவில்லை. கேட்டுச் சொல்றோம் அங்கிள் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தோம். அன்றைக்கு அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் எனக்கு வாய் எழவில்லை.

அன்றிரவு இதைப் பாட்டியிடம் சொன்னேன். பாட்டி குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், சாமி மாடத்துக்குக் கீழே இருக்கும் பழைய மைலோ டின்னை எடுத்து வந்தார். அதற்குள் சிவப்பு அடையாள அட்டை, தாத்தாவின் மூக்குக் கண்ணாடி, அதோடு நான்காக மடித்த ஒரு காகிதம். தாத்தா பெயரில் பத்து வெள்ளிக்கான ரசீது. தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் கொடுத்தது. மடிப்பு கிழிந்த இடத்தில் பசை டேப் ஒட்டியிருந்தது. இதைக் கொடுத்த மனுசன் கதையைப் படி, அப்புறம் காசு கேக்கப் போகலாம் என்றார் பாட்டி.

அதற்குப் பிறகுதான் படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

அவருடைய முழுப் பெயர் திருஞானசம்பந்தன். சீர்காழியில் பிறந்த நம் சைவக் குழந்தையின் பெயர்தான். 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தகப்பனார் வீராசாமி தமிழ்நாட்டிலிருந்து வந்து உழைத்து, ரப்பர் நிலம் வாங்கி முன்னுக்கு வந்தவர். ஆகவே சம்பந்தன் லயத்து வீட்டில் பிறந்த பிள்ளை இல்லை, முதலாளி வீட்டுப் பிள்ளை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் பிற்பாடு செய்ததன் மதிப்பு அப்போதுதான் புரியும்.

கோலகங்சாரில் கிளிஃபர்ட் பள்ளியில் படித்தார். பிறகு கப்பலேறி சிதம்பரம் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சீர்காழி அங்கிருந்து கிட்டத்தான். அது இந்தியாவில் சுதந்திரப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். மாணவர்கள் எல்லாம் காங்கிரஸ் பக்கம் சாய்ந்திருந்தாங்க, இவரும் அப்படித்தான். காந்தியின் மேல் பிடிப்பு அங்கே வந்தது.

காந்தியைப் பற்றி நம் வயதுக்காரர்கள் அதிகம் பேசாத ஒரு பக்கம் உண்டு. அவர் பெரிய நிதி திரட்டாளர். 1933, 34ஆம் ஆண்டுகளில் ஹரிஜன நிதிக்காக இந்தியா முழுதும் சுற்றினார், தமிழ்நாட்டுக்கும் வந்தார். ஏழைகள் கொடுத்த காலணா, அரையணாவைக் கையேந்தி வாங்கினார். பெண்கள் கழற்றிக் கொடுத்த நகையை அங்கேயே ஏலம் விட்டார். ஊரார் பணத்தில் ஒரு காசுக்குக்கூடக் கணக்கு வேண்டும் என்பதில் அவர் பிடிவாதக்காரர். காந்தியைப் பின்பற்றினேன் என்று சொல்கிற எவருக்கும் அந்தக் கணக்குப் புத்தகமும் சேர்த்துத்தான் வரும்.

சம்பந்தன் மலாயாவுக்குத் திரும்பி வந்தபோது நாடு போரில் அடிபட்டுக் கிடந்தது. சயாம் மரண ரயிலுக்குப் போன தோட்டத்து ஆண்கள் பலர் திரும்பவே இல்லை. 1946ல் ம.இ.கா. தொடங்கியது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1948 ஜூன் 16ஆம் தேதி, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அன்றைக்குச் சம்பந்தனுக்குச் சரியாக 29 வயது நிறைந்தது. அவர் பிறந்தநாள் அது. அவர் பிறந்த ஊர் அது.

அவசரகாலத்தில் தோட்டத்து மக்கள் எப்படி இருந்தாங்க என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். முள்வேலி, ஊரடங்கு, அரிசியைக்கூட அளந்து கொடுப்பது. யாரை நம்புவது என்று யாருக்கும் தெரியாத காலம். கங்காணியை நம்பி வந்தவர்கள் கடனில் விழுந்த கதை ஒவ்வொரு லயத்திலும் இருந்தது. சீட்டுப் பிடிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு ஓடியவன் கதையும் இருந்தது. வெளியாள் வந்து காசு என்று வாயெடுத்தால் கதவு சாத்தப்படும். அந்தக் கதவைத்தான் சம்பந்தன் பின்னால் தட்ட வேண்டியிருந்தது.

ஆனால் அவர் தட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்தார். சுங்கை சிப்புட்டில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பள்ளி வேண்டும் என்று முன்னால் நின்று, தன் பணத்தையும் போட்டு, மகாத்மா காந்தி கலாசாலையைக் கட்டினார். 1954ல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. ஊரிடம் கேட்கப் போகிறவன் முதலில் தன் மடியை அவிழ்க்க வேண்டும் என்று எங்கள் பக்கம் சொல்வாங்க. அவர் அதைச் செய்தவர். காசு கல்லாகவும் சிமெண்டாகவும் ஆனதை ஊர் கண்ணால் பார்த்தது.

1955ல் ம.இ.கா.வின் தேசியத் தலைவரானார். அதே ஆண்டு நடந்த முதல் பொதுத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51ஐப் பிடித்தது. சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார், பிறகு சுகாதாரம், பிறகு நீண்ட காலம் பொதுப்பணி, தபால், தந்தித் துறை. 1957 ஆகஸ்டு 5ஆம் தேதி சுதந்திர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. 1956ல் உமாசுந்தரியை மணந்தார். தோ புவான் உமா அவர்கள் வெறும் அமைச்சர் மனைவியாக வீட்டில் இருக்கவில்லை என்பதைக் கீழே பார்ப்பீர்கள்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம்.

சுதந்திரம் நெருங்கியதும் வெள்ளைக்கார முதலாளிகள் பலருக்குப் பயம் வந்துவிட்டது. நாடு கைமாறினால் சொத்து என்னாகுமோ என்று தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்களில் பலர் தோட்டம் நடத்த வாங்கவில்லை. சேர்ந்து பணம் போட்டு மொத்தமாக வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, ஐந்து ஏக்கர் பத்து ஏக்கர் என்று விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் மூத்தவர்கள் அதைச் சொல்வாங்க. பேராசிரியர் உங்கு அசிஸ் இதை ஆராய்ந்து 1951 முதல் 1960 வரை நடந்ததை அறிக்கையாகவே எழுதினார்.

காகிதத்தில் பார்த்தால் நிலம் கைமாறியது, அவ்வளவுதான். லயத்தில் நின்று பார்த்தால் வேறு கதை. தோட்டத்து மக்களுக்கு வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தது. வேலை போனால் வீடும் போகும். பத்து ஏக்கர்காரனுக்கு நூறு குடும்பம் தேவையில்லை. ஆயாக்கொட்டகை தேவையில்லை. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகள் இல்லாமல் போகும். தலைமுறையாக ஆடித் திருவிழா எடுத்த மாரியம்மன் கோயில் யாரோ ஒருவர் நிலத்தில் தனியாக நிற்கும். இன்று நம் மாநிலத்தில் செம்பனைக் காட்டுக்குள் தனியாக நிற்கும் கோயில்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது. அங்கே ஒரு ஊரே இருந்திருக்கிறது.

போதாததற்கு அன்றைக்குப் பலருக்குக் குடியுரிமையும் இல்லை. போக இடமில்லை, கேட்க நாதியில்லை.

அமைச்சராக இருந்த சம்பந்தன் இதற்கு மனுப் போடலாம், அறிக்கை விடலாம். அதோடு நிறுத்தவில்லை. விற்கிறவன் விற்கத்தான் போகிறான், அதை நாமே வாங்கினால் என்ன என்று யோசித்தார். நாமே என்றால் பணக்கார இந்தியர்கள் இல்லை, மரம் வெட்டுகிற தொழிலாளிகளே. 1960ல் கே.ஆர். சோமசுந்தரம் அவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆளுக்குப் பத்து வெள்ளி. அதுதான் அவர் கேட்டது.

பத்து வெள்ளி இன்றைக்கு ஒரு நாசி லெமாக்கும் தே தாரிக்கும். அன்றைக்குப் பாட்டியின் கணக்கில் மூன்று நாலு நாள் வேலை. விடியற்காலை பெரட்டுக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுவிலும் அட்டையிலும் மரம் வெட்டி, வாளி தூக்கி வந்து எடை போட்ட காசு. மழை பெய்தால் அதுவும் இல்லை. அந்தக் காசைக் கொடு, தோட்டம் வாங்கலாம் என்று ஒரு அமைச்சர் வந்து சொன்னால் யார் நம்புவார்?

எங்கள் தாத்தா நம்பவில்லை. இதைப் பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வாங்க. வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்தைப் பால் வெட்டுறவன் வாங்குறதா, ஓட்டுக்குச் சொல்ற கதை இது என்று பேசிவிட்டுத் தாத்தா வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டாராம். அவரைப் போல ஆயிரம் பேர் இருந்திருப்பாங்க. அவர்களைத் தப்பு சொல்ல முடியாது. ஏமாந்தவனுக்கு எச்சரிக்கையாக இருக்க உரிமை உண்டு.

சம்பந்தன் அவர்களைத் திட்டவில்லை. தேடிப் போனார். தோட்டம் தோட்டமாகப் போனார், தோ புவான் உமாவும் கூடப் போனார். வேலை முடிந்த நேரமாகப் பார்த்து, லயத்து வாசலிலும் கோயில் திடலிலும் உட்கார்ந்து பேசினார். இப்படி ஒரு தோட்டம் இரண்டு தோட்டம் இல்லை, நாடு முழுக்க, வருஷக்கணக்காக.

பேச்சு மட்டும் போதும் என்றால் நம் நாட்டில் எல்லாரும் தலைவர்தான். அவர் எடுத்த வழியில் பேச்சுக்குப் பின்னால் ஒரு கட்டமைப்பு இருந்தது. அதை நம் கிளைகள் உற்றுப் பார்க்க வேண்டும்.

அவர் நன்கொடை வாங்கி ஒரு நிதி தொடங்கியிருக்கலாம். அமைச்சர் கேட்டால் பணக்காரர்கள் கொடுத்திருப்பாங்க. அப்படிச் செய்யாமல் கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்தார். 1948ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. கூட்டுறவு என்றால் சங்கப் பணம் தலைவர் சட்டைப்பைக்குப் போக வழியில்லை. பணம் கொடுத்தவன் பெயரில் பங்கு. அதற்கு ரசீது. வருஷா வருஷம் தணிக்கை. வருஷா வருஷம் பொதுக்கூட்டம், அதில் கணக்கைப் படித்துக் காட்ட வேண்டும், யாரும் எழுந்து கேள்வி கேட்கலாம். ஒரு பங்கு வைத்திருப்பவனுக்கும் நூறு பங்கு வைத்திருப்பவனுக்கும் ஒரே ஒரு ஓட்டு. லாபம் வந்தால் பங்கு ஈவு.

இது அவர் கண்டுபிடித்தது இல்லை. 1844ல் இங்கிலாந்தில் ரோச்டேல் என்ற ஊரில் 28 பேர், நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும், ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து ஒரு சின்ன மளிகைக் கடை தொடங்கினார்கள். கடைக்காரர்கள் கலப்பட மாவும் குறை எடையும் கொடுத்த காலம் அது. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, கணக்கு எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்ற விதிகளை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். உலகம் முழுக்கக் கூட்டுறவு அந்த விதிகளில்தான் வளர்ந்தது. அது நம் தோட்டத்து லயத்துக்கு வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அடுத்தது முக்கியம். வாங்கிய காசு என்னாச்சு என்று அவர் காட்டினார். 1961ல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. சங்கத்தின் முதல் தோட்டம். அந்தச் செய்தி குளுவாங் வரைக்கும் வந்தது. தாத்தா முதலில் அதையும் நம்பவில்லையாம். கெடாவில் சொந்தக்காரர் இருந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரர், உண்மைதான், அங்க நம்மாளுங்க வேலையில இருக்காங்க, வீட்டைவிட்டு யாரையும் அனுப்பல என்று வந்து சொன்ன பிறகுதான் தாத்தா பெட்டியைத் திறந்தாராம். டின்னில் இருக்கும் ரசீது அன்றைக்கு வந்தது.

பேசியபோது நம்பாதவர் நிலத்தைக் காட்டியதும் நம்பினார். எங்கள் குடும்பத்தில் இது நடந்தது. நாடு முழுக்கப் பல்லாயிரம் குடும்பங்களில் இது நடந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதன் பிறகு சங்கம் ஒவ்வொன்றாகத் தோட்டங்களை வாங்கிக்கொண்டே போனது. உறுப்பினர்கள் பல்லாயிரமாகப் பெருகினார்கள். கோலாலம்பூரில் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. அதற்கு இன்று விஸ்மா துன் சம்பந்தன் என்று பெயர்.

எல்லாம் வெற்றி என்று எழுதினால் நான் பொய் சொன்னவனாவேன். துண்டாடப்பட்ட தோட்டங்களில் சங்கம் காப்பாற்றியது ஒரு பகுதிதான். எங்கள் தாத்தா பாட்டி இருந்த தோட்டத்தைச் சங்கம் வாங்கவில்லை. அது கைமாறி, கடைசியில் அவர்கள் மூட்டை கட்டி ஜொகூர் பாரு பக்கம் வந்தார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அந்தக் காலத்தில் ம.இ.கா. தலைவராக இருந்தவர் சம்பந்தன். அவர் போதுமான அளவு போராடினாரா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கட்சிக்குள் எதிர்ப்பு வளர்ந்து, 1973ல் தலைமைப் பதவியை மாணிக்கவாசகத்திடம் விட்டு விலகினார். 1974ல் அமைச்சர் பதவியும் முடிந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கட்சியில் அவரை எதிர்த்தவர்கள் பலர் இருந்தும், பதவி போன பிறகும், சங்கம் கலையவில்லை. உறுப்பினர்கள் பங்கை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் இருந்திருக்கலாம், ஆனால் அவர்களைப் பிடித்து வைத்தது ரசீதும் தணிக்கையும் பொதுக்கூட்டமும். ஓர் ஆளை மட்டும் நம்பி நிற்கிற அமைப்பு அந்த ஆள் போனதும் விழும்.

கூட்டுறவு என்ற பெயர் மட்டும் இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. 1986ல் இதே நாட்டில் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவு நிறுவனங்கள் முடக்கப்பட்டன. லட்சக்கணக்கானவர்களின் சேமிப்பு மாட்டிக்கொண்டது. சட்டம் அதே நாட்டுச் சட்டம்தான். உள்ளே உட்கார்ந்தவர்கள் அடுத்தவன் பணத்தைத் தன் பணமாக நினைத்ததுதான் வித்தியாசம். சிவன் சொத்து குல நாசம் என்று நம் வீட்டில் சொல்லி வளர்த்தது கோயில் உண்டியலுக்கு மட்டும் இல்லை.

சம்பந்தன் விஷயத்தில் அது நேர்மாறாக நடந்தது. தகப்பனார் விட்டுப் போன ரப்பர் நிலமும் சொத்தும் அவர் பொதுவாழ்வில் பெருகவில்லை, குறைந்தது. பதினெட்டு வருஷத்துக்கு மேல் அமைச்சராக இருந்தவர் வாழ்க்கையின் கடைசியில் தொடங்கியதைவிடக் குறைவாக வைத்திருந்தார். 1979 மே 18ஆம் தேதி கோலாலம்பூரில் இதய நோயால் காலமானார். அறுபது நிறைய ஒரு மாதம்கூட இல்லை. மணிவிழா பார்க்காமல் போய்விட்டார். பிரிக்பீல்ட்ஸில் நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற பெரிய வீதிக்கு அவர் பெயர். அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று எத்தனையோ தடவை செல்ஃபி எடுத்திருக்கிறேன், யாரென்று யோசித்ததில்லை.

இனி எங்கள் கதையின் மிச்சம்.

படித்து முடித்த கையோடு பழைய பொருளாளர் அண்ணனிடம் போய்ப் போன தடவைக் கணக்கைக் கேட்டேன். அவர் நல்லவர், நேரம் காலம் பார்க்காமல் உழைத்தவர். ஆனால் கணக்கு ஒரு உறையில் இருந்தது, பாதி அவர் தலையில் இருந்தது. ரசீதுப் புத்தகங்களைக் கூட்டினேன். வசூல் 4,120 ரிங்கிட். கடை பில்கள் 3,655. கையில் 465 இருக்க வேண்டும். உறையில் இருந்தது 280. இடிக்கிறது 185.

அதில் 120 வேன் வாடகைக்குப் போனது என்று இரண்டு பேருக்கு ஞாபகம் இருந்தது. ரசீது இல்லை. மீதி 65க்கு யாருக்கும் ஞாபகமும் இல்லை. அண்ணன் முகம் வாடிப்போச்சு. அவர் எடுத்திருக்க மாட்டார் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் கேட்டுக்குள் நின்ற அந்த அங்கிளுக்கு அது எப்படித் தெரியும்? நல்லவன் என்பதை நம் கூட்டாளிகள் நம்பினால் போதும் என்று இருந்துவிட்டோம். அதுதான் எங்கள் தப்பு.

அன்றைக்குச் செயற்குழுவில் நல்ல வாக்குவாதம். இதை வெளியே சொன்னால் இனி ஒருத்தரும் கொடுக்க மாட்டாங்க என்று ஒரு பக்கம். சொல்லாமல் இன்னொரு தடவை வசூலுக்குப் போகவே கூடாது என்று ஒரு பக்கம். நான் பாட்டியின் ரசீதை எடுத்துப் போயிருந்தேன், மேசையில் வைத்தேன். அறுபது வருஷத்துக்கு முன் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்குக் கொடுத்த ரசீது இது, நாம் டிப்ளோமா படித்துவிட்டு ஒரு வேன் வாடகைக்குக் காகிதம் வைக்கவில்லை என்றேன். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

ரசீது இல்லாத 185ஐயும் செயற்குழுவே ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. ஐந்து பேர், ஆளுக்கு 37 ரிங்கிட். அண்ணன் தானே முழுதும் தருகிறேன் என்றார், நாங்கள் விடவில்லை. பிறகு ஒரு பக்கத்தில் கணக்கை எழுதிக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். வசூல் எவ்வளவு, எத்தனை பிள்ளைகளுக்கு என்ன வாங்கினோம், எது தவறியது, அதை எப்படி ஈடு கட்டினோம், எல்லாம். உதவி பெற்ற பிள்ளைகளின் பெயரும் படமும் போடவில்லை. கொடுத்தவருக்குக் கணக்குத் தெரிய வேண்டும், ஆனால் வாங்கிய பிள்ளை பள்ளியில் தலைகுனியக் கூடாது.

சில விதிகளும் வைத்துக்கொண்டோம். உங்கள் கிளைக்கும் உதவலாம் என்பதால் சொல்கிறேன். காசு எண்ணும்போது எப்போதும் இரண்டு பேர். பணம் வீட்டில் தூங்கக் கூடாது, மறுநாளே வங்கியில் போட வேண்டும், எடுக்க இரண்டு கையெழுத்து. காகிதம் இல்லாத செலவு செலவே இல்லை. கணக்கைச் சரிபார்ப்பவர் செயற்குழுவில் இருக்கக் கூடாது. அடுத்த வசூலுக்குப் போகும் முன் முந்தைய வசூலின் கணக்கு பலகையில் இருக்க வேண்டும்.

அதற்கப்புறம் அந்த அங்கிள் வீட்டுக்குத் தனியாகப் போனேன். கணக்குத் தாளின் நகலைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். 185 என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். நடந்ததைச் சொன்னேன். வேன் எந்த ஊருக்குப் போனது, எத்தனை நடை என்றெல்லாம் விசாரித்தார். உள்ளே போய் இருபது ரிங்கிட் எடுத்து வந்தார். ரசீது எழுதும்வரை கையிலேயே வைத்திருந்தார். ரசீதைப் பார்த்து, பெயர் எழுத்து சரியா என்று பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்த பிறகுதான் நோட்டு என் கைக்கு வந்தது. அடுத்த தடவையும் கணக்கைக் கொண்டு வா தம்பி என்றார்.

வாசலில் செருப்பைப் போடும்போது பார்த்தேன். இந்தத் தடவை கேட்டு திறந்திருந்தது.

பாட்டியின் மைலோ டின் பழைய இடத்தில் இருக்கிறது. எங்கள் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை வைக்க நானும் ஒரு டின் வாங்கியிருக்கிறேன். உங்கள் கிளையில் அது எங்கே இருக்கிறது என்று இந்த வாரம் ஒரு தடவை பாருங்கள்.